தோட்டா தீர்ந்தது, காடு மிஞ்சியது: ஓசூர்க் காட்டின் கென்னத் ஆண்டர்சன்

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிபவரா நீங்கள்? இல்லை, வாரம் முழுக்க பெங்களூரில் வேலை, சனிக்கிழமை விடிந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று கிளம்பிவிடும் ஆளா? அப்படின்னா இந்தக் கதை உங்களுக்குத்தான்.

ஏன்னா, உங்களுக்கு ரொம்ப முன்னாடியே இதே ரோட்டில் இதே மாதிரி ஒருத்தர் போய்க்கொண்டிருந்தார். அவரும் வேலைக்குப் போனவர்தான். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பொறுப்பான பதவி. ஆனால் லீவு கிடைத்தால் போதும், காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் வந்துவிடுவார். உங்கள் பைக் பையில் பவர் பேங்க்கும் கேமராவும் இருக்கும். அவர் காரில் ஒரு பழைய அமெரிக்கத் துப்பாக்கியும், கையால் எண்ணிவிடக்கூடிய அளவுக்குத் தோட்டாக்களும் இருக்கும்.

அவர் பெயர் கென்னத் ஆண்டர்சன். எங்கேயோ கேட்ட பெயர் மாதிரி இருக்கா? சி.பி.எஸ்.இ-யில் படித்தவர்கள் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். மைசூர் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பப்பட்டு, வளர்த்தவரைப் பிரிந்து சாப்பிடாமல் ஏங்கிப்போன ஒரு கரடிக்குட்டி வருமே, புரூனோ? அந்தக் கதையை எழுதியவர் இவர்தான். அந்தக் கரடி அவர் வீட்டில் வளர்ந்த கரடி.

அந்தக் கரடிக்குப் பின்னால் ஒரு குண்டு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம்.

வக்கீலாக வேண்டியவர்

1910 மார்ச் 8. ஐதராபாத்தை ஒட்டிய பொலாரத்தில் பிறந்தார் ஆண்டர்சன். ஸ்காட்லாந்து வம்சாவளி. ஆனால் பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்த குடும்பம். அப்பா, ராணுவத்தினரின் சம்பளக் கணக்கைப் பார்க்கும் அலுவலகத்தில் அதிகாரி. வேட்டையிலும் ஆர்வம் உள்ளவர். பையனுக்குக் காட்டுப் பைத்தியம் பிடித்தது அங்கிருந்துதான்.

படிப்பு பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில். பிறகு சட்டம் படிக்க ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே மனசு ஒட்டவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். இன்று ஒரு பையன் இப்படி வந்து நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்!

திரும்பி வந்தவர் தபால் தந்தித் துறையில் சுமார் 15 வருடங்கள் வேலை பார்த்தார். அப்புறம்தான் விமானத் தொழிற்சாலை. கல்யாணம் ஆனது, ஜூன் என்று ஒரு மகள், டொனால்ட் என்று ஒரு மகன். வெளியே இருந்து பார்த்தால் சாதாரண பெங்களூர் ஆங்கிலோ-இந்திய நடுத்தர வாழ்க்கை. ஆனால் கன்னடமும் தமிழும் பேசுவார். காட்டோரக் கிராமத்துத் திண்ணைகளில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கதை கேட்பார். மாட்டுக்காரர்கள், மூங்கில் வெட்டுபவர்கள், வனக்காவலர்கள் எல்லாரும் அவருக்குப் பழக்கம். சின்னாற்றுக் காட்டில் வாழ்ந்த பழங்குடி நண்பர் பைரா, அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வருவார். காட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்றே பைராவைச் சொல்லலாம்.

அவர் சுற்றிய இடங்களின் பட்டியலைப் பாருங்கள். ஜவளகிரி, கும்மளாபுரம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சின்னாறு, ஒகேனக்கல், ஏலகிரி. எல்லாமே நீங்கள் ரீல்ஸ் எடுக்கும் இடங்கள்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல்தான் பிறந்தது. அதற்கு முன்பு இந்தப் பகுதி தர்மபுரி மாவட்டம், 1965-க்கு முன்பு சேலம் மாவட்டம். ஆண்டர்சனின் முக்கால்வாசிக் கதைகளில் இது சேலம் ஜில்லாவின் வடகோடிக் காடு.

1947-ல் சுதந்திரம் வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் கப்பல் ஏறின. குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட்கூட கென்யாவுக்குப் போய்விட்டார். ஆண்டர்சன் போகவில்லை. அவருக்கு ஊர் என்றால் பெங்களூர், காடு என்றால் காவிரிக்கரை. அவ்வளவுதான்.

கையில் ஒரு ஃபோர் நாட் ஃபைவ்

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். கார்பெட் பெயரைச் சொன்னால் ரிக்பி துப்பாக்கி ஞாபகம் வரும். ஆண்டர்சனுக்கு அது வின்செஸ்டர். மாடல் 1895, .405 ரகம். வாயால் சொல்லும்போது ஃபோர் நாட் ஃபைவ்.

அமெரிக்காவின் ஜான் பிரௌனிங் வடிவமைத்த துப்பாக்கி இது. விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு நெம்புகோல் இருக்கும். கௌபாய் படங்களில் ஹீரோ அதைக் கீழே தள்ளி மேலே இழுத்து டக் டக்கென்று சுடுவாரே, அதே டெக்னிக். கீழே தள்ளினால் காலி உறை வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இந்த மாடலில் சுமார் 2,90,000 துப்பாக்கிகள் முதல் உலகப்போர் காலத்தில் ரஷ்யாவுக்குப் போயின. அவை ரஷ்ய ராணுவத் தோட்டாவைச் சுடுபவை. ஆண்டர்சன் கையில் இருந்ததோ பெரிய மிருக வேட்டைக்காக 1904-ல் வந்த .405.

அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குப் போனபோது எடுத்துப்போனதும் இதே ரகம்தான். சிங்க வேட்டைக்கு அவருக்குப் பிடித்த துப்பாக்கி. அதனால் உலகம் முழுக்கப் பெயர் பரவியது.

தோட்டாவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போமா? நீளமான, மேலே போகப் போக லேசாகக் குறுகும் பித்தளை உறை. அடியில் விளிம்பு. முனையில் சுமார் 19 கிராம் எடையுள்ள குண்டு. அது குழலை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு ஏறக்குறைய 670 மீட்டர் வேகம். சுட்டவருடைய தோளையும் சும்மா விடாது. உதை பலமாக இருக்கும்.

லண்டனில் செய்த இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகள் ராஜாக்களுக்கும் பெரிய துரைகளுக்கும்தான் கட்டுபடியாகும். சம்பளக்காரருக்கு இந்த அமெரிக்கத் துப்பாக்கி விலையில் எவ்வளவோ மேல். இன்னொரு காரணமும் உண்டு. .303 மாதிரி ராணுவத் தோட்டாக்களை இந்தியாவில் பொதுமக்கள் வைத்துக்கொள்ள பிரிட்டிஷ் அரசு தடை போட்டிருந்தது. அதனால்தான் இந்திய வேட்டைக்காரர்கள் கையில் விதவிதமான, ஊர் பேர் தெரியாத அளவுகளில் எல்லாம் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. வாங்கும்போது கெத்தாக இருந்த அந்த வித்தியாசம்தான், பிறகு தோட்டா தேடும்போது தலைவலியானது.

கும்மளாபுரத்து ராத்திரி

தளிக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் கும்மளாபுரம். ஆண்டர்சன் எழுதிய மிகப் பிரபலமான கதைகளில் ஒன்று இங்கே நடக்கிறது.

ஒரு சிறுத்தை. சுமார் 250 சதுர மைல் பரப்பைத் தன் கைக்குள் வைத்திருந்தது. அவர் கணக்குப்படி 42 பேர் பலி. பொழுது சாய்ந்தால் கதவுகள் அடைக்கப்படும். முள்வேலி போட்டு வீட்டை மறைப்பார்கள். அப்படியும் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கும் சிறுத்தை அது. இயற்கை உபாதைக்குக்கூட ராத்திரியில் யாரும் வெளியே போக முடியாத நிலை.

ஆண்டர்சன் அங்கே போய் ராத்திரி ராத்திரியாகக் காத்திருந்தார். ஊரில் சுற்றிய ஒரு தெருநாய் அவரோடு ஒட்டிக்கொண்டது. இருட்டில் மனிதன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஒன்றை அந்த நாய் உணர்ந்து உறுமியது. அந்த எச்சரிக்கைதான் அவர் உயிரைக் காப்பாற்றியது. சிறுத்தை செத்தது. நாய் என்ன ஆச்சு? நிப்பர் என்று பெயர் வைத்து வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார்!

ஆனால் இந்தக் கதையில் முக்கியமான இடம் சிறுத்தை செத்த பிறகுதான் வருகிறது. அதன் பாதத்தைப் பார்த்தபோது, விரல்களுக்கு நடுவே முள்ளம்பன்றியின் முட்கள் ஆழமாகப் புதைந்து முறிந்திருந்தன. ஓடிப் பிடித்து மானை அடிக்க அந்தக் காலால் முடியாது. ஓடத் தெரியாத, திருப்பி அடிக்காத ஓர் இரை வேண்டும். அது மனிதன்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் ஒரு மிருகம் திடீரென்று கெட்ட மிருகமாக மாறிவிடுவதில்லை. பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. முள்ளம்பன்றி முள் செய்யும் அதே வேலையை, சரியாகப் படாத ஒரு குண்டும் செய்யும். காலிலோ தாடையிலோ குண்டு வாங்கிக்கொண்டு தப்பித்துப் போகும் புலி, ஆறு மாதம் கழித்து எந்த ஊரின் வாசலில் வந்து நிற்கும் என்று சுட்டவனுக்குத் தெரியாது. அவன் அன்றைக்கே ஊர் திரும்பியிருப்பான். விலை கொடுப்பது மாடு மேய்க்கப் போன யாரோ ஒருத்தர்.

அப்படியென்றால் வேட்டைக்காரனின் தோட்டா எவ்வளவு நம்பகமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிளிக் என்ற சத்தம்

இனி கொஞ்சம் சங்கதி புரியும். வின்செஸ்டர் கம்பெனி இரண்டாம் உலகப்போர் காலத்துக்குள் மாடல் 1895 தயாரிப்பை மூட்டை கட்டிவிட்டது. 1950களில் .405 தோட்டா செய்வதையும் நிறுத்தியது. துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும், தோட்டாதான் இருக்காது. உங்கள் பழைய போன் நல்லா வேலை செய்யும், அதுக்கான பேட்டரி மார்க்கெட்டிலேயே கிடைக்காது என்பது போல.

வேறு தோட்டாவைப் போட்டுச் சமாளிக்க முடியாதா? முடியாது. இந்த ரகத்தின் பெயர்தான் .405. குண்டின் உண்மையான விட்டம் .411 அங்குலம், அதாவது சுமார் 10.4 மில்லிமீட்டர். .416, .423 என்று பக்கத்துப் பக்கத்து எண்களில் வேறு வேட்டைத் தோட்டாக்கள் உண்டு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றின் குண்டு இன்னொன்றின் குழலுக்குச் சேராது. முடி அளவு வித்தியாசம் போதும், துப்பாக்கியே சுடுபவர் முகத்தில் வெடித்துவிடும்.

இந்திய அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் .315 மாதிரி சில ரகங்களைத்தான் பொதுமக்களுக்காகச் செய்தன. நம்ம நீலகிரி அரவங்காட்டில் 1900களின் தொடக்கத்திலிருந்தே தோட்டாவுக்கான மருந்து தயாராகிறது. ஆனால் மருந்து மட்டும் இருந்தால் போதுமா? .405 வைத்திருந்தவர்களுக்கு வெளிநாட்டுச் சரக்குதான் கதி. சுதந்திரத்துக்குப் பிறகு அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு. போதாக்குறைக்கு, ஒருவர் எத்தனை தோட்டா வாங்கலாம், வைத்திருக்கலாம் என்பது துப்பாக்கி லைசென்ஸிலேயே எழுதப்பட்டிருக்கும்.

சரி, சுட்ட உறையிலேயே மறுபடி மருந்து நிரப்பினால்? அமெரிக்காவில் பழைய துப்பாக்கிப் பிரியர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு தோட்டாவுக்கு நான்கு பாகங்கள். பித்தளை உறை, அடியில் பொறி கிளப்பும் கேப்பு, உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டவுடன் மூன்று போய்விடும். மிஞ்சுவது உறை மட்டும். அதை அச்சில் கொடுத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது கேப்பு, அளந்த மருந்து, புதுக் குண்டு என்று ஏற்றுவார்கள். .405 உறையே கிடைக்காத காலத்தில், அதைவிட நீளமான 9.3×74 ஆர் என்ற ஐரோப்பியத் தோட்டாவின் உறையை வெட்டி, உருமாற்றிப் பயன்படுத்தியவர்களும் உண்டு. பித்தளையும் சாகாவரம் பெற்றது இல்லை. திரும்பத் திரும்பச் சுட்டால் களைத்துப்போய் விரிசல் விடும்.

இந்தியாவில் இந்தக் கதை வேறு. தோட்டா தயாரிப்பதற்கு 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து மருந்து நிரப்புவது குற்றம். அதனால் இங்கே பழைய ரகத் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரே வழி, இருக்கும் பழைய தோட்டாக்களைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பது.

அதிலும் ஓர் ஆபத்து. நம்ம ஊர் மழைக்கும் வெயிலுக்கும் பழைய தோட்டா தாக்குப்பிடிப்பது சிரமம். ஈரம் இறங்கினால் கேப்பு செத்துவிடும். விசையை அழுத்தினால் வெறும் கிளிக் என்ற சத்தம் மட்டும் வரும். சில நேரம் இன்னும் மோசம். கிளிக் என்று கேட்டு, ஒரு கணம் தாமதித்து, குழல் நகர்ந்த பிறகு வெடிக்கும். அல்லது மருந்து பாதி வேகத்தில் எரிந்து, குண்டு தொங்கிப்போய், இதயத்துக்குக் குறிவைத்தது காலில் படும்.

ராத்திரி. ஒரு மரத்தில் கட்டிய பரண். இருபதடி தூரத்தில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள். அந்த நேரத்தில் வரும் கிளிக், வேட்டைக்காரனின் உயிரோடு மட்டும் விளையாடுவதில்லை. இன்னும் பத்து ஊர்களின் உயிரோடு விளையாடுகிறது. தோட்டா அரிதாகும்போது, சுடலாமா வேண்டாமா என்ற கேள்வியும் கனமாகிறது.

ஜவளகிரியில் ஒரு குரல்

ஆண்டர்சனின் வாழ்க்கையில் அந்தக் கேள்வி எப்படிக் கனத்தது என்பதற்கு ஜவளகிரிப் புலியின் கதையைச் சொல்லலாம். அவர் எழுதியபடி, அந்தக் காட்டில் ஜோடியாகத் திரிந்த புலிகளில் ஆணைக் கள்ள வேட்டைக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். மிஞ்சிய பெண்புலி பிறகு ஆட்கொல்லி ஆனது. ஊர் ஊராக மரணம்.

பரணில் காத்திருந்தும், தடம் பார்த்து அலைந்தும் அது சிக்கவில்லை. கடைசியில் ஆண்டர்சன் ஒரு தந்திரம் செய்தார். ஆண்புலி துணையைக் கூப்பிடும் குரலைத் தன் தொண்டையால் எழுப்பினார். அவருக்கு அந்த வித்தை கைவந்திருந்தது. காட்டுக்குள்ளிருந்து பதில் குரல் வந்தது. கூப்பிட, பதில் வர, கூப்பிட, பதில் நெருங்க... துணை வந்துவிட்டது என்று நம்பி ஓடிவந்த புலியை எதிரே நின்று சுட்டார்.

ஊர் கொண்டாடியது. ஆண்டர்சனுக்குக் கொண்டாட்டம் இல்லை. ஏமாற்றிக் கூப்பிட்டுக் கொன்றுவிட்டோம் என்ற உறுத்தல் இருந்தது. அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். அந்தப் புலியை உருவாக்கியது மனிதன், முடித்ததும் மனிதன். நடுவில் செத்தவர்கள் ஒன்றும் தெரியாத கிராமத்துச் சனங்கள். இந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

1939 முதல் 1966 வரை அரசுப் பதிவில் அவர் பெயரில் உள்ள ஆட்கொல்லிகள் 8 சிறுத்தைகள், 7 புலிகள். இருபத்தேழு வருடங்களுக்குப் பதினைந்து. உண்மையில் இன்னும் கூட என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதே காலத்தில் ஒரே சீசனில் அதைவிட அதிகம் சுட்டுத் தள்ளி, பிணங்களோடு போட்டோ எடுத்துக்கொண்ட மகாராஜாக்களும் துரைகளும் இந்தியாவில் இருந்தார்கள். அவர்களுக்குத் தோட்டாப் பஞ்சமே இருந்ததில்லை.

புரூனோவின் அம்மா

இப்போது அந்தக் கரடிக்கு வருவோம். மைசூர்ப் பக்கம் கரும்புத் தோட்டம் ஒன்றில் ஆண்டர்சனும் நண்பர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். பன்றிகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள் தோட்டத்துக்காரர்கள். பகலில் வெளியே வந்த ஒரு கரடியை, கூட வந்த ஒருவர் சும்மா போகிற போக்கில் சுட்டுவிட்டார். எந்த அவசியமும் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால், செத்துப்போன தாயின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி.

அந்தக் குட்டிதான் புரூனோ. ஆண்டர்சன் அதைப் பிடித்துக் கொண்டுவந்து மனைவிக்குக் கொடுத்தார். வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்தது. எஞ்சின் ஆயில் குடித்தது, எலி மருந்தைத் தின்று சாகக் கிடந்து பிழைத்தது, பெரிதாகி மைசூர் போனது, ஏங்கியது, திரும்பி வந்தது. அதற்காக வீட்டு வளாகத்தில் சுற்றிலும் அகழி வெட்டிய ஒரு சின்னத் தீவே கட்டினார்கள்.

பாடப்புத்தகத்தில் இதை அன்பின் கதையாகப் படித்திருப்பீர்கள். அன்பின் கதைதான், சந்தேகமில்லை. ஆனால் அது தொடங்குவது யோசிக்காமல் செலவழித்த ஒரு தோட்டாவில். குண்டு மலிவாகக் கையில் இருந்ததால் நடந்த கொலை அது.

வயது ஏற ஏற ஆண்டர்சன் கொல்வதைக் குறைத்துக்கொண்டார். துப்பாக்கியை விட கேமராவும் பேனாவும் பிடித்துப்போயின. 1954-ல் முதல் வேட்டைப் புத்தகம் லண்டனில் வெளியானது. பிறகு 1957, 1959, 1961 என்று வரிசையாகப் புத்தகங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கருஞ்சிறுத்தையும், ஜவளகிரியும், சின்னாறும் அச்சில் ஏறி உலகம் சுற்றின. அதில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, இந்தக் காடு கண்முன்னே காலியாகிறது என்பதைத்தான். மரம் வெட்டுபவர்கள், கள்ள வேட்டை, ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிப்பது என்று எல்லாவற்றின் மேலும் அவருக்கு ஆத்திரம் இருந்தது. தானும் சுட்டவன் என்பதை அவர் ஒளித்ததில்லை.

1974

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-ல் புலிகள் காப்பகத் திட்டம் தொடங்கியது. வேட்டை என்ற பொழுதுபோக்குக்கு இந்தியாவில் சட்டப்படி கடுமையான கட்டுப்பாடு வந்தது. 1974 ஆகஸ்ட் 30 அன்று, 64 வயதில், புற்றுநோயால் பெங்களூரில் இறந்தார் கென்னத் ஆண்டர்சன். அவருடைய கடைசிக் காட்டுப் புத்தகம் 1976-ல், இறந்த பிறகு வந்தது.

இதில் ஒரு பொருத்தம் பாருங்கள். அதே 1970களின் தொடக்கத்தில்தான் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாக ஆரம்பித்தது. பூ வியாபாரமும் ராகிக் காடுமாக இருந்த ஊருக்கு லாரி, மொபெட் தொழிற்சாலைகள் வந்தன. பிறகு நூற்றுக்கணக்கான பட்டறைகள். இன்று அங்கே மின்சார ஸ்கூட்டரும் செல்போன் உதிரிபாகமும் தயாராகிறது. ஆண்டர்சன் தூசி பறக்க வந்த ரோடு இன்று ஆறுவழிச் சாலை, டிராஃபிக் ஜாம் சகிதம்.

அந்த .405 என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அந்தத் தோட்டாவை மறுபடி தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஜப்பானில் செய்த புது மாடல் 1895-ம் வந்தது. பழைய பொருள் மோகம் அங்கே ஒரு மார்க்கெட். நம்ம ஓசூர்க் காட்டுக்கு அந்தத் தோட்டா இனி தேவையில்லை. அது நல்லதுக்குத்தான்.

காடு மிஞ்சியது

ஏன்னா, காடு மிஞ்சியிருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 504 சதுர கிலோமீட்டர் காட்டை 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் இன்னொரு 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயம் ஆனது. அஞ்செட்டி, ஜவளகிரி, ஒகேனக்கல் எல்லாம் இந்தக் காட்டின் பக்கம்தான். யானைகள் இன்றும் கர்நாடகத்திலிருந்து இறங்கி வந்து ராகி தின்றுவிட்டுப் போகின்றன. சிறுத்தைகள் இருக்கின்றன. ஓசூர் இயற்கை ஆர்வலர்கள் தங்கள் அமைப்புக்கே கென்னத் ஆண்டர்சன் பெயரை வைத்து, இந்தக் காட்டின் மிருகங்களுக்காக வேலை செய்கிறார்கள். சுடுவதற்காக வந்தவர் பெயரில் காப்பாற்றுகிறார்கள். அவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறு என்ன?

ஆனால் கணக்கு இன்னும் தீரவில்லை. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் இன்னும் பிடிபடுகின்றன. கரிமருந்தும் இரும்புத் துண்டும் குழலுக்குள் இடித்து நிரப்பி, குத்துமதிப்பாகச் சுடும் துப்பாக்கிகள். பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிந்து, பசியிலேயே சாகும் யானைகளின் செய்தியை நீங்களும் போனில் பார்த்துவிட்டுக் கடந்திருப்பீர்கள். இவையெல்லாம் அரைகுறைக் காயங்கள். கும்மளாபுரத்துச் சிறுத்தையின் காலில் புதைந்திருந்த முள்ளுக்குச் சொந்தக்காரர்கள் இவை. காயம்பட்ட மிருகம் கோபமாக ஊருக்குள் வந்தால், வில்லன் பட்டம் அதற்குத்தான் கிடைக்கும்.

அடுத்த சனிக்கிழமை தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி ரோட்டில் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வளைவு ஒன்றில் பைக்கை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். காட்டுக்குள் இறங்க வேண்டாம், ரோட்டிலேயே நில்லுங்கள். மூங்கில் உரசுவது கேட்கும். தூரத்தில் எங்கேயாவது ஒரு கிளை முறியும். யானையாக இருக்கலாம்.

அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் ஒருத்தர் வாரம் முழுக்க ஃபேக்டரியில் காத்திருந்து இங்கே வந்தார். வரும்போது கையில் சில தோட்டாக்கள் இருந்தன. வயதானபோது, அவற்றைச் செலவழிக்காமல் வீடு திரும்பும் நாளே நல்ல நாள் என்று புரிந்துகொண்டார். உங்கள் கையில் போன்தான் இருக்கிறது. அதையும் கொஞ்ச நேரம் பாக்கெட்டில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.